இந்தியாவில் உடல் பருமன் ஏன் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகளிர் குழுக் கூட்டங்களிலும் பள்ளிகளிலும் எடை, சுகர், பி.பி. பற்றிப் பேசப் போவது என் வேலையில் ஒரு பகுதி. போகிற இடமெல்லாம் இந்திய வரைபடம் ஒன்றைக் கொண்டுபோவேன். எந்த மாநிலத்தில் நூறு பெண்களில் எத்தனை பேருக்கு அதிக எடை என்று நிறம் தீட்டிக் காட்டும் படம் அது. அதைப் பார்த்ததும் எழும் கேள்விகள் ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. அந்தக் கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் இவை.

இந்தக் கணக்கை யார் எடுத்தது? எப்படி எடுத்தார்கள்?

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று. 2019 முதல் 2021 வரை நடந்தது. வீடு வீடாகப் போய், தராசும் உயரம் அளக்கும் பலகையும் வைத்து அளந்தார்கள். யாரிடமும் "உங்க எடை எவ்வளவு?" என்று வாயால் கேட்டு எழுதிக்கொண்டதில்லை. பெண்களில் 15 முதல் 49 வயது வரை, ஆண்களில் 15 முதல் 54 வரை. கர்ப்பிணிகளையும் அண்மையில் பிரசவமானவர்களையும் எடைக் கணக்கில் சேர்க்கவில்லை.

எடையை உயரத்தோடு சேர்த்துப் பார்க்கும் எண்ணுக்குப் பி.எம்.ஐ. என்று பெயர். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வரும். 18.5-க்குக் கீழே இருந்தால் எடை குறைவு, 25-ஐத் தொட்டால் அதிக எடை. 155 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணை எடுத்துக்கொண்டால், நாற்பத்து நாலரைக் கிலோவுக்குக் கீழே குறைவு, 60 கிலோவைத் தாண்டினால் அதிகம். கீழே நான் சொல்லும் சதவீதமெல்லாம், வேறு ஆய்வைக் குறிப்பிட்டால் தவிர, இந்த 25-ஐத் தொட்டவர்களையும் தாண்டியவர்களையும் பற்றியது.

சரி, எந்த மாநிலத்தில் எவ்வளவு?

நாடு முழுவதும் பெண்களில் 24 சதவீதம், ஆண்களில் 22.9 சதவீதம். இந்தச் சராசரியை வைத்துக்கொண்டு எதையும் புரிந்துகொள்ள முடியாது. ஏனென்றால் உள்ளே இருக்கும் வித்தியாசம் அவ்வளவு பெரியது. பெண்களை மட்டும் பார்த்தால் புதுச்சேரி 46.2, சண்டிகர் 44, டெல்லி 41.3, பஞ்சாப் 40.8, தமிழ்நாடு 40.4, கேரளம் 38.1, ஆந்திரம் 36.3. மறுபக்கம் மேகாலயா 11.5, ஜார்க்கண்ட் 11.9, ராஜஸ்தான் 12.9, சத்தீஸ்கர் 14.1, பீகார் 15.9. ஒரே நாட்டுக்குள் நான்கு மடங்கு வித்தியாசம்.

தமிழ்நாட்டின் பழைய எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2005–06-இல் 20.9. 2015–16-இல் 30.9. அடுத்த சுற்றில் 40.4. முதல் பத்துப் புள்ளி ஏறப் பத்து வருடம் ஆனது. அடுத்த பத்துப் புள்ளி ஏற ஐந்து வருடம்தான் ஆகியிருக்கிறது. கூட்டத்தில் இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிறுத்திவிட்டு, இதை இன்னொரு தடவை சொல்வேன்.

பஞ்சாபில் நெய்யும் பராட்டாவும் சாப்பிடுகிறார்கள், புரிகிறது. இட்லி சாப்பிடும் நாம் எப்படி அவர்களுக்குச் சமமாக வந்தோம்?

எல்லா ஊரிலும் கேட்கிற கேள்வி இது. நெய்தான் காரணம் என்றால் ராஜஸ்தான் ஏன் 12.9-இல் நிற்கிறது? பாலும் நெய்யும் அங்கேயும் அன்றாடச் சாப்பாடுதானே. அதனால் தட்டில் என்ன இருக்கிறது என்பதோடு நிறுத்தாமல், அந்தத் தட்டுக்கு முன்னால் உட்காருகிறவர் பகல் முழுக்க என்ன வேலை செய்தார் என்றும் கேட்க வேண்டும்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. உட்கார்ந்தபடி வேலை செய்யும் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,660 கலோரி போதும். கடுமையான உடலுழைப்பு செய்கிற பெண்ணுக்கு 2,720 வேண்டும். இடையில் ஆயிரம் கலோரிக்கு மேல் வித்தியாசம். நாற்று நட்டு, களை எடுத்து, தண்ணீர்க் குடம் சுமந்து, ஆட்டுக்கல்லில் மாவாட்டிய அம்மாவுக்கு இரண்டாவது கணக்கு. பனியன் கம்பெனியிலோ கம்ப்யூட்டர் முன்னாலோ எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் மகளுக்கு முதல் கணக்கு. ஆனால் அம்மா சாப்பிட்ட அதே அளவுச் சோற்றைத்தான் மகளும் சாப்பிடுகிறாள். வீட்டில் பழகிய அளவு அதுதான்.

ஒரு கூட்டத்தில் இதை அளந்தே பார்த்தோம். வீட்டில் பரிமாறுவது போலவே பரிமாறுங்கள் என்றேன். ஒரு அக்கா தட்டில் சாம்பாருக்குச் சோறு போட்டார். அடுத்து ரசத்துக்கு, அப்புறம் மோருக்கு. மூன்று தடவை போட்ட சோற்றையும் தராசில் வைத்தபோது 480 கிராம் காட்டியது. பக்கத்தில் இருந்த பொரியல் இரண்டு கரண்டி, 60 கிராம். வெந்த சோறு நூறு கிராமுக்குச் சுமார் 130 கலோரி. அப்படியானால் மதியச் சோறு மட்டுமே அறுநூறைத் தாண்டுகிறது, இட்லியும் டீயும் இரவுச் சாப்பாடும் இன்னும் கணக்கில் வரவில்லை. அந்த அக்கா தராசைப் பார்த்துவிட்டு, "நான் இவ்வளவுதான் சாப்பிடறேன்னு நெனச்சுட்டு இருந்தேன்" என்று கைக்குள் அடங்குகிற மாதிரி காட்டினார். அவர் பொய் சொல்லவில்லை. மூன்று தடவையாகப் பிரித்துப் போடும்போது ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாகத்தான் தெரியும்.

பஞ்சாபிலும் இதே கதைதான் வேறு தானியத்தோடு நடந்தது. பசுமைப் புரட்சிக்குப் பிறகு டிராக்டரும் அறுவடை எந்திரமும் மற்ற மாநிலங்களைவிட முன்னாலேயே அங்கே வந்தன. நடவுக்கும் அறுப்புக்கும் பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பண்ணை வீட்டுக்காரர்களின் உடலுழைப்பு குறைந்தது, சாப்பாட்டு அளவு குறையவில்லை. வேலை செய்ய வந்தவர்களின் பீகாரைப் படத்தில் பாருங்கள், 15.9.

அப்படியென்றால் ரேஷன் அரிசிதான் நம்மைக் கெடுத்ததா?

இதை ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வராது, எண்களும் ஒப்புக்கொள்ளவில்லை. சத்தீஸ்கரும் ஜார்க்கண்டும் அரிசி சாப்பிடும் மாநிலங்கள், அங்கேயும் ரேஷன் அரிசி உண்டு. சத்தீஸ்கரின் ரேஷன் ஏற்பாடு நன்றாக நடப்பதாகப் பெயர் எடுத்தது. இரண்டுமே பட்டியலின் அடியில்தான் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் விலையில்லாமல் கிடைக்கும் அரிசி எத்தனை குடும்பங்களைப் பட்டினியிலிருந்து காத்தது என்று எனக்குத் தெரியும். அதில் கை வைக்கச் சொல்கிறவர்கள் மாதக் கடைசியில் அரிசிப் பானை காலியான வீட்டைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆனால் ஒரு உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். அரிசி கிடைக்கிற அளவுக்குப் பருப்பும் காயும் முட்டையும் மலிவாகக் கிடைப்பதில்லை. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் ஏறக்குறைய 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 'இந்தியாப்' (INDIAB) என்ற சுகர் நோய் ஆய்வு 2025-இல் சொன்னது. தெற்கிலும் கிழக்கிலும் அது தீட்டிய வெள்ளை அரிசி, வடக்கில் கோதுமை. 2023-இல் தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். அந்த மாதிரி மாற்றம்தான் எனக்குச் சரியாகப் படுகிறது. கொடுப்பதை நிறுத்த வேண்டாம், கொடுக்கும் பையில் இருப்பதை மாற்றலாம்.

ஜார்க்கண்டில் குறைவு என்றால், அங்கே இருப்பவர்கள் நம்மைவிட ஆரோக்கியமாக இருக்கிறார்களா?

இல்லை. படத்தைப் பார்த்து மக்கள் தவறாகப் புரிந்துகொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அதே ஆய்வில் எடை குறைந்த பெண்களின் பட்டியலைப் பாருங்கள். ஜார்க்கண்ட் 26.2 சதவீதம், பீகார் 25.6. நான்கில் ஒரு பெண்ணுக்குத் தேவையான எடையே இல்லை. தமிழ்நாட்டில் அது 12.6. வெளிர் நிறத்தில் இருக்கும் மாநிலத்தைக் காட்டி "அங்கே நல்லா இருக்காங்க" என்று யாராவது சொன்னால், இந்த இரண்டாவது பட்டியலைக் கையில் கொடுப்பேன்.

குஜராத் இன்னும் வேதனையான கதை. அங்கே எடை குறைந்த பெண்கள் 25.2 சதவீதம், அதிக எடை உள்ளவர்கள் 22.6 சதவீதம். பாதிப் பெண்கள் ஏதோ ஒரு பக்கம் விழுந்துவிடுகிறார்கள். நகரங்களும் பழங்குடி மாவட்டங்களும் ஒரே மாநிலத்துக்குள் இருக்கும்போது, மாநிலச் சராசரி என்ற ஒற்றை எண் இரண்டு தரப்பையும் மறைத்துவிடும்.

தமிழ்நாட்டிலும் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. எடை கூடியதால் சத்து கூடிவிட்டதாக நினைக்க வேண்டாம். எடை 68 கிலோ, ஹீமோகுளோபின் 8 என்று சீட்டு காட்டும் பெண்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

வயதும் ஒரு காரணமா?

ஆமாம், பலர் விட்டுவிடும் காரணம். முப்பது, நாற்பது வயதில் எடை ஏறுவது எங்கேயும் உண்டு. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை, பீகாரில் 3. அதனால் பீகாரில் இளம் வயதினர் அதிகம். அங்கே 15 முதல் 49 வயதுப் பெண்களை எடுத்தால் பதின்ம வயதுப் பிள்ளைகளின் பங்கு கூடுதலாக இருக்கும். வித்தியாசத்தில் ஒரு பகுதி இதனால் வருவது. முழுவதும் இதனால் என்று சொல்ல முடியாது.

இது டவுன்காரங்க பிரச்சினை இல்லையா?

இருபது வருடத்துக்கு முன்னால் அப்படிச் சொல்லியிருக்கலாம். நாடு முழுவதும் இன்னும் நகரத்தில் 33.2, கிராமத்தில் 19.7 என்ற இடைவெளி இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் நகரம் 46, கிராமம் 35. நம் கிராமத்துப் பெண்களின் சதவீதம் இந்திய நகரத்துப் பெண்களின் சதவீதத்தைத் தாண்டிவிட்டது. உலகம் முழுவதும் பி.எம்.ஐ. ஏறியதில் பாதிக்கு மேல் கிராமப்புறங்களில் ஏறியது என்று 2019-இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. நம் ஊரைப் பார்த்தாலே இது தெரிகிறது. ஊருக்குள் மினி பஸ் வருகிறது. வீட்டுக்கு வீடு வண்டி நிற்கிறது. மளிகைக் கடை வாசலில் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் நொறுக்குத் தீனிப் பாக்கெட் சரமாகத் தொங்குகிறது. வயலில் அறுவடை எந்திரம் இறங்குகிறது. இதில் எதையும் நான் குறையாகச் சொல்லவில்லை. வெயிலில் முதுகு ஒடிய வேலை செய்தவர்களுக்கு அந்த எந்திரம் எவ்வளவு பெரிய விடுதலை! உடலுக்கு அதற்குப் பதிலாக வேறு அசைவு எதுவும் கிடைக்கவில்லை என்பதுதான் என் கவலை.

பெண்களுக்கு மட்டும் ஏன் கூடுதல்?

எல்லா மாநிலத்திலும் அப்படி இல்லை. ஆனால் பஞ்சாபில் பெண்கள் 40.8, ஆண்கள் 32.2. தமிழ்நாட்டில் 40.4, 37. பிரசவத்துக்குப் பிறகு ஏறும் எடை, மீந்ததை வீணாக்கக் கூடாது என்று கடைசியாகச் சாப்பிடும் பழக்கம், இவையெல்லாம் காரணம்தான். எனக்குப் பெரிதாகப் படுவது நடப்பதற்கு இடமும் நேரமும் இல்லாதது. காலை ஐந்தரை மணிக்கு ஆண்கள் மைதானத்தைச் சுற்றி வரலாம். அதே நேரத்தில் பெண் அடுப்படியில் நிற்கிறாள். சாயங்காலம் தனியாக நடந்தால் "எங்கே போறே?" என்று நான்கு பேர் கேட்பார்கள். 2022-ஆம் ஆண்டு நிலவரப்படி இந்தியப் பெண்களில் 57 சதவீதம், ஆண்களில் 42 சதவீதம் பேருக்குப் போதிய உடலசைவு இல்லை. "சோம்பேறித்தனம்" என்று இதற்கு யாராவது பெயர் வைத்தால் எனக்குக் கோபம் வரும்.

நான் ஒல்லி. எனக்குக் கவலை இல்லை, சரிதானே?

எடையை வைத்து மட்டும் சொல்ல முடியாது. 2004-இல் மருத்துவ இதழ் ஒன்றில் இரண்டு மருத்துவர்களின் படம் வந்தது. ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், மற்றவர் பிரிட்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனால் யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். வெளியே ஒன்று போலத் தெரிந்தாலும் உள்ளே இருமடங்குக்கு மேல். நம்மவர்களுக்குக் கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேருவது அதிகம். அதனால்தான் இந்திய மருத்துவர்கள் 23-ஐத் தாண்டினாலே எச்சரிக்கிறார்கள். அந்தக் கோட்டை வைத்தால் மேலே சொன்ன சதவீதங்கள் எல்லாமே கூடும்.

சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய, மேலே சொன்ன அதே 'இந்தியாப்' ஆய்வு 1,13,043 பேரைப் பரிசோதித்தது. 2023-இல் வந்த அதன் முடிவில், வயிற்றுப் பருமன் நாட்டில் 39.5 சதவீதம். புதுச்சேரியில் 61.2, ஜார்க்கண்டில் 18.4. சுகரில் கோவா 26.4 சதவீதத்தோடு முதலிடம், உத்தரப் பிரதேசம் 4.8-ஓடு கடைசி. ஆனால் உத்தரப் பிரதேசத்தில் சுகரின் வாசலில் நிற்பவர்கள் 18 சதவீதம். இன்று நிறம் வெளுத்துத் தெரியும் மாநிலங்கள் நாளைக்கு எங்கே போகும் என்பதற்கு இந்த எண்ணைவிட வேறு எதுவும் எனக்குத் தேவையில்லை.

வடகிழக்கு மாநிலங்கள் எல்லாம் ஒரே மாதிரியா?

இல்லவே இல்லை. சிக்கிம் 34.7, மணிப்பூர் 34.1, மேகாலயா 11.5. மலை என்பதாலேயோ இறைச்சி சாப்பிடுகிறார்கள் என்பதாலேயோ விளக்கிவிட முடியாது.

இது பணக்காரர்களின் நோய்தானே?

இந்தியாவில் இப்போதைக்கு வசதியோடு சேர்ந்துதான் ஏறுகிறது. ஏழைக் குடும்பங்களில் பத்துப் பெண்களில் ஒருவர் என்ற அளவில் இருப்பது, வசதியான குடும்பங்களில் பத்தில் நான்கு பேருக்குப் பக்கத்தில் வருகிறது. அமெரிக்காவில் இது தலைகீழ். அங்கே வருமானம் குறைந்த மேற்கு விர்ஜீனியா, மிசிசிப்பி போன்ற மாநிலங்களில்தான் பருமன் அதிகம், வசதியும் படிப்பும் கூடிய கொலராடோவில் குறைவு. மலிவாக வயிறு நிறைவது மாவும் எண்ணெயும் சர்க்கரையும்தான் என்ற நிலை வந்தால் ஏழைகள் பக்கம்தான் எடை சாயும். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் அந்தத் திருப்பம் தொடங்கிவிட்டதோ என்று கூலி வேலைக்குப் போகும் பெண்களின் இடுப்பளவைக் குறிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

வரி போட்டால் குறையுமா?

கேரளம் போட்டுப் பார்த்தது. 2016-இல் பெரிய உணவகங்களின் பர்கர், பீட்சா வகைகளுக்கு 14.5 சதவீத வரி. அடுத்த ஆண்டு ஜி.எஸ்.டி. வந்ததும் அது போய்விட்டது. ஒரு வருடத்தில் எதுவும் தெரிந்துவிடாது. தவிர, நம் ஊரில் எடை ஏற்றுவது பீட்சா மட்டும் இல்லை. டீக்கடை வடை, பேக்கரி பப்ஸ், பரோட்டாக் கடை இவற்றுக்கு அந்த வரி பொருந்தவே இல்லை.

சரி, இப்போதைக்கு நான் என்ன செய்ய வேண்டும்?

முதலில் ஒரு இஞ்சு டேப் எடுங்கள். தையல்காரர் வைத்திருக்கும் டேப் போதும். பாவாடை நாடா கட்டும் இடத்திலோ பேன்ட் பட்டை நிற்கும் இடத்திலோ அளக்காதீர்கள், தொப்பைக்குக் கீழே போய்விடும். விலா எலும்பு முடியும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் தடவிப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சை விட்ட பிறகு, வயிற்றை எக்காமல் எண்ணைப் பாருங்கள். பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால், ஆண்களுக்கு 90-ஐத் தாண்டினால், சுகரும் பி.பி.யும் பார்க்க வேண்டிய நேரம்.

பார்க்க எங்கே போவது என்று கேட்பார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஊழியர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். வரவில்லையென்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்ப்பார்கள். மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைபாதையும் 2023 நவம்பரில் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். அது உங்கள் வீட்டிலிருந்து தூரமாக இருந்தால், குழுவில் உள்ள நான்கு பேர் சேர்ந்து பள்ளி மைதானத்தைத் தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். நான் போன ஓர் ஊரில் அப்படிக் கேட்டு வாங்கினார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குக் கேட்டைத் திறந்து வைக்கிறார்கள். பதினோரு பெண்கள் நடக்கிறார்கள்.